அறிக்கை

ஃபஹாஹீலில் விடிந்துவிட்டது.
சிலியில் இன்னும் பாதி ராத்திரி.
இந்த ஆறு மணி நேர வித்தியாசத்தில்தான்
எனக்கு வானம் இருக்கிறது.

நைட் டூட்டி முடிந்து, யூனிஃபார்ம் மாற்றாமல்
கட்டிலில் சம்மணமிட்டு லேப்டாப்பைத் திறக்கிறேன்.
சன்னலில் நவம்பர் மூடுபனி.
சுத்திகரிப்பு ஆலையின் தீ மட்டும் அதில் ஆரஞ்சாகக் கசிகிறது.
இந்தச் சன்னலில் நல்ல நாளிலேயே
ஒன்பது நட்சத்திரம். எண்ணியிருக்கிறேன்.

தொலைநோக்கிக்கு நிமிடக் கணக்கில் வாடகை.
இந்த மாதம் பதினான்கு தினார்,
வீட்டுக்குச் சொல்லாத பதினான்கு தினார்.
பொத்தானை அழுத்துகிறேன்.
நான் ஒருநாளும் ஏறாத மலையில்
யாருடைய கூரையோ திறந்திருக்க,
ஒரு கண்ணாடி கழுத்தைத் திருப்பி
ஆறு என்று பெயர்வைத்த நட்சத்திரக் கூட்டத்தில்
நான் சொன்ன இடத்தைப் பார்க்கிறது.

முதல் படம். முந்நூறு விநாடி.

ஆஸ்பத்திரியில் என் படங்களுக்குக் கண் இமைக்கும் நேரம் போதும்.
அதற்கே ஒரு ஷிஃப்டில் எழுபது தடவை சொல்கிறேன்
அரபியில், இந்தியில், கைஜாடையில்:
மூச்சைப் பிடிங்க. அசையாதீங்க.
இங்கே அப்படிச் சொல்ல ஆளில்லை.
அசைவது நான்தான்.
நானும் கட்டிலும் கட்டிலுக்கு அடியில் இந்த வளைகுடாவும்
சுழன்றுகொண்டே இருக்க,
அங்கே ஒரு சின்ன மோட்டார்
எதிர்ப்பக்கம் பொறுமையாகத் திரும்பி
பூமியைக் கழித்துவிடுகிறது.

மூன்றாவது படத்தின்போது நேற்று ராத்திரி வந்தது.
சாரத்திலிருந்து விழுந்த நைனா முகம்மது.
பேட்ஜைப் படித்து, "தமிழா சிஸ்டர்?" என்றார்.
முதுகெலும்பு, இரண்டு கோணம்.
"படத்துல என்ன தெரியுது?"
டாக்டர் சொல்லுவார் என்றேன்.
தெரிந்தது. திரை முழுதாக வருமுன்பே தெரிந்தது.
சொல்ல எனக்கு உரிமையில்லை;
பதின்மூன்று வருடமாக
முகத்தைத் துடைத்து வைத்துக்கொள்ளப் பழகியிருக்கிறேன்.

என் தொழிலில் வெள்ளை என்றால்
கதிர் வந்து சேராத இடம்.
எலும்பு தடுத்தது, ஆணி தடுத்தது,
ஒருமுறை ஒரு குழந்தை விழுங்கிய ஐம்பது ஃபில்ஸ் தடுத்தது.
இந்தப் படத்தில் வெள்ளை என்றால்
வந்து சேர்ந்துவிட்டது.
ஆறு கோடி வருடம் எதுவும் தடுக்கவில்லை.
அது புறப்பட்டபோது
நாங்கள் எல்லாரும் சம்பளம் வாங்கும் எண்ணெய்க்கான சேறு
இந்த மண்ணுக்கடியில் ஏற்கெனவே படிந்து கிடந்தது.

மதலேன் டூட்டிக்கு எழுந்தாள்.
பல் துலக்கியபடியே எட்டிப் பார்த்து,
"நம்ம பாத்ரூம் சல்லடையில சிக்கின முடி மாதிரி இருக்கு" என்றாள்.
இருந்தது.
நுரை வழிய இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.
பஸ் ஹாரன் அடித்தது.

பன்னிரண்டாவது படம் வரவில்லை.
மலையில் காற்று கூடிவிட்டதாம், கூரை தானாக மூடிக்கொண்டது.
மிச்சக் காசு கணக்கில் திரும்பும்.
கையில் பதினொன்று:
நாலு சிவப்பு, நாலு பச்சை, மூன்றே நீலம்.
அதில் ஒன்றின் குறுக்கே செயற்கைக்கோள் கிழித்த கோடு.
கூடவே மூடி திறக்காமல் எடுத்தவையும் உண்டு,
இருட்டிலிருந்து கருவியின் சொந்த இருட்டைக் கழிக்க.

எல்லாம் அடுக்கினால் முதலில் ஒரே கறுப்பு.
வளைகோட்டை மெல்ல இழுக்கிறேன்.
இன்னும் கொஞ்சம்.

அறையில் யாருமில்லை. சத்தமாகவே சொன்னேன்:
நடுவில் மஞ்சள், வயதான நட்சத்திரங்கள்.
கைகள் நாலோ ஐந்தோ, நீலம் போதவில்லை.
ஒரு கையின் நுனிக்கு அருகே சின்னதாய் இன்னொன்று.
முறிவு ஏதும் தெரியவில்லை.

எட்டரைக்குத் திரைச்சீலையை இழுத்து மூடிப் படுத்தேன்.
படம் எடுத்து முடிந்ததும்
நைனா முகம்மதுவிடம் "மூச்சு விடுங்க" என்றேனா,
அது மட்டும் நினைவில்லை.